கம்பம் கம்பமாகப் பார்த்துப் போன நாள்

பண்டத்தரிப்புச் சந்தியில் வாடகைக் கார் ஓடிப் பிழைத்தவன் நான். ஒரு பழைய மொறிஸ் மைனர். கலியாணமோ செத்தவீடோ, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கோ, கீரிமலைக்கு முழுகவோ, எங்கள் பக்கத்தில் கார் தேவையென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு என்னிடம் பேச்சும் வாங்குவார்கள். கதவை அறைந்து சாத்துகிறவன், சேற்றுக் காலோடு ஏறுகிறவன், பின்சீற்றில் இருந்துகொண்டு எனக்குக் கார் ஓடப் படிப்பிக்கிறவன், எல்லோரோடும் கொழுவல்தான். முன்கோபக்காரன் என்று பெயர் எடுத்தாயிற்று. அதை மாற்ற நான் ஒருநாளும் மினக்கெட்டதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவதென்றே தெரியாமல் போயிற்று. ராணுவம் முகாம்களுக்குள் இருந்தது. இருந்த இடத்திலிருந்து ஷெல் அடித்தது, ஹெலிகொப்டரில் வந்து சுட்டது. றோட்டுகள் பெடியளின் கையில் இருந்தன. இயக்கங்களில் சேர்ந்த இளைஞர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு சந்தியில் ஓர் இயக்கம், அடுத்த சந்தியில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் காரை நிற்பாட்டிக் கதவைத் திறந்து காட்ட வேண்டும். கள்வன் என்றும் காட்டிக்கொடுத்தவன் என்றும் அவர்கள் யாருக்குத் தீர்ப்புச் சொன்னார்களோ அவர்களைச் சந்தியில் லைற் போஸ்ற்றோடு கட்டிவைத்துச் சுட்டார்கள். கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். அதில் குற்றம் எழுதியிருக்கும்.

அப்படிச் செத்தவனுக்கு யாரும் அழுவதில்லை. எங்கள் ஊர்களில் செத்தவீடென்றால் நாலு ஒழுங்கைக்குக் கேட்கப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒப்பாரி இல்லாமல் பிணம் படலை தாண்டாது. ஆனால் கம்பத்தில் கட்டினவனுக்குக் கிட்டப் போய் ஒருத்தி வாய்விட்டு அழுதால் அவள் அவனுடைய உரித்துக்காரியாகி விடுவாள். அடுத்த விசாரணை அவளுடைய வீட்டில் நடக்கும். பெற்றதுகளே பார்க்காத மாதிரிக் கடந்து போய், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்குள் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுததை நான் அறிவேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருந்தார். புருஷன் செத்துக் கனகாலம். வெங்காயமும் புகையிலையும் நட்டு ஒரே மகனை வளர்த்தவர். அவனுக்கு இருபது வயது இருக்கும். படிப்புச் சரிவராமல், வெங்காயம் வாங்கி விற்கிற ஒரு முதலாளியின் லொறியில் போய்வந்தான். அந்த லொறி ராணுவ முகாமுக்கும் மரக்கறி கொண்டுபோனதாக ஊரில் ஒரு கதை எழும்பியது. முதலாளியைப் பெடியள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த கிழமை மகனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். அவனும் வரவில்லை.

ஒருநாள் காலையில் அக்கா என் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, நெல்லியடிப் பக்கம் ஒரு பெடியனைக் கட்டிவைச்சுச் சுட்டிருக்காம். கோடு போட்ட சேட்டாம். என்ரை பிள்ளையும் கோடன் சேட்டோடைதான் போனவன். காரை எடு."

"அக்கா, ஊர்க்கதை கேட்டு வெளிக்கிட்டால் ஓடிக்கொண்டுதான் இருக்கோணும். யாழ்ப்பாணத்திலை எத்தினை பேர் கோடன் சேட்டுப் போடுறாங்கள்? பேசாமல் வீட்டிலை இருங்கோ."

அவர் காரின் முன்கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் வாடகைக் காரில் முன்னுக்கு ஏறுவதில்லை. பின்னுக்குப் போங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். "பின்னுக்கு இருந்தால் ரெண்டு பக்கமும் தெரியாது" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் போகிற வழியில் நிற்கிற ஒவ்வொரு கம்பத்தையும் பார்க்கப் போகிறார் என்று.

சண்டிலிப்பாய் கழியும்வரை ஒன்றும் இல்லை. செம்பாட்டுத் தோட்டங்களில் இறைப்பு நடந்தது. வோட்டர் பம்ப் சத்தம், பாத்தி கட்டுகிற ஆட்கள், வாய்க்காலில் குளிக்கிற காகங்கள். ஒரு வளவில் அடுக்கி வைத்த புகையிலைப் பாடங்களைத் தூக்கிக் காயப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மற்ற நாளென்றால் அக்கா, யாருடைய தோட்டம், என்ன விளைச்சல் என்று விமர்சனம் சொல்லிக்கொண்டு வருவார். அன்று அவருடைய கண் தோட்டத்துக்குப் போகவேயில்லை. கம்பம் வரும், பார்ப்பார். அடுத்த கம்பம் வரும், பார்ப்பார். பக்கத்தில் இருந்த எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. அத்தனை வருடம் அந்த றோட்டில் ஓடியும் இவ்வளவு கம்பம் நிற்கிறதென்று நான் கவனித்ததே இல்லை.

சுன்னாகம் தாண்டிப் புத்தூர் வீதியில் ஒரு சந்தியில் சனம் நின்றது. அக்காவின் கை என் கையைப் பிடித்தது. நிற்பாட்டினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனுசன். சாரம் இடுப்பில் நழுவிக் கிடந்தது. நெற்றியில் வெடி. தலை ஒரு பக்கம் தொங்க, வாயிலிருந்து வடிந்த இரத்தம் மட்டையில் எழுதியிருந்ததைப் பாதி அழித்துவிட்டது. களவு என்ற சொல் மட்டும் தெரிந்தது. இலையான் மொய்த்தது. காருக்குள் இருந்தபடியே அக்கா தலையை ஆட்டினார். இவன் இல்லை.

நான் காரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு சின்னதுகள் அந்தக் கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நின்று ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு பார்த்தன. ஐஸ்பழப் பெட்டிக்காரன் பக்கத்திலேயே சைக்கிளை நிறுத்தி மணி அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு விசர் ஏறியது. இறங்கிப் போய்ப் பிள்ளைகளைக் கலைத்தேன். அவனுடைய மணியைப் பறித்து வேலிக்கு மேலால் எறிந்தேன்.

"மூதேசி, பிணத்துக்கு முன்னாலையோடா யாவாரம்?"

"அண்ணை, சனம் நிக்கிற இடத்திலைதானே விக்கலாம்" என்றான் அவன், கோபமே இல்லாமல். "இப்ப சனம் இஞ்சைதான் நிக்குது. கோயிலடியிலை ஒரு குருவி இல்லை."

திரும்பி வந்து காரை எடுத்தேன்.

புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி. வழியில் எரிந்த பஸ் ஒன்று சில்லும் சீற்றும் இல்லாமல் எலும்புக்கூடாக நின்றது. அதற்குள் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். மதகு ஒன்றைக் கண்ணிவெடி தூக்கியெறிந்து, அந்தப் பள்ளத்தைச் செம்மண் போட்டு நிரப்பியிருந்தார்கள். மதில்களில் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. முந்தின கிழமை செத்தவனின் நெற்றியில் இந்தக் கிழமை செத்தவனின் கன்னம் ஒட்டியிருந்தது. பலாலிப் பக்கமிருந்து ஷெல் போகிற சத்தம் கேட்டது. அது எங்கே போய் விழுகிறதோ என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம். தூரத்தில் விழுந்தது. யாருக்கோ.

அச்சுவேலி கழிந்தால் வல்லைவெளி. யாழ்ப்பாணத்தில் வேலியில்லாத நிலம் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும். இரண்டு பக்கமும் கண் எட்டும் தூரத்துக்கு உப்பு வெளி. ஒரு வீடு இல்லை, ஒரு பனை இல்லை. நடுவே றோட்டு நேராக ஓடும். காற்று காரைப் பிடித்துத் தள்ளும். தண்ணீர் தேங்கிய இடங்களில் கொக்குகள் நிற்கும். வேறு காலமென்றால் அந்த வெளியில் காரை ஓட்டுவது எனக்குப் பெரிய சந்தோஷம். அங்கே மட்டும்தான் நான் யாரையும் திட்டாமல் ஓடுவேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு மீன்காரன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். மீனை விற்று முடித்துவிட்டு வடமராட்சிக்குத் திரும்புகிறான்போல. பின்கரியரில் மீன்பெட்டி, தலையில் துவாய். ஹெலியின் சத்தம் கேட்டதும் நான் காரைக் கரையில் இறக்கிவிட்டு அக்காவை இழுத்துக்கொண்டு மதகுக்குக் கீழே விழுந்தேன். "விழு, விழு" என்று மீன்காரனுக்குக் கத்தினேன். அவன் விழவில்லை. குனிந்து, பெலமுள்ள மட்டும் மிதித்தான். வெளியைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தானாக்கும். ஹெலி ஒருதரம் மேலாலே போய், திரும்பிப் பதிந்து வந்தது. றோட்டில் தூள் பறந்தது. சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். விற்காமல் கிடந்த நாலைந்து மீன் தாரில் சிதறியது. ஹெலி இன்னொருதரம் வந்து, செத்தவனையே திருப்பிச் சுட்டுவிட்டுப் போனது.

நாங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தோம். முதுகால் புகுந்து வயிற்றைத் திறந்திருந்தது. அப்போதும் ஒரு கால் ஆடியது. பிறகு நின்றது. ஹெலி போன திசைக்கு மண்ணை அள்ளி எறிந்து தூஷணத்தால் கத்தினேன். அந்த வெளியில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அக்கா அவனுடைய துவாயை எடுத்து முகத்தை மூடினார். பின்னால் ஒரு டிரக்டர் வந்தது. அதில் வந்தவர்களுக்கு மீன்காரனைத் தெரிந்திருந்தது. "ஐயோ" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

காரில் ஏறிய பிறகு அக்கா சொன்னார்: "அந்தாளுக்கு அழலாம், தம்பி. அதெண்டாலும் இருக்கு."

நெல்லியடியில் கோடன் சேட்டுப் போட்டவனைக் கம்பத்திலிருந்து இறக்கிக் கழிவுநீர்க் காணுக்கரையில் போட்டிருந்தார்கள். யாரும் தேடி வரவில்லையாம். தாடை இல்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உயரமும் நிறமும் அக்காவின் மகனேதான் என்று எனக்குப் பட்டது. அக்கா குந்தி, அவனுடைய இடது கையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். மகனுக்கு அந்தக் கையில் மண்வெட்டி வெட்டிய தழும்பு இருந்தது. இந்தக் கையில் ஒன்றும் இல்லை. கையைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். பக்கத்தில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

நான் தேத்தண்ணிக் கடையில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கொடிகாமத்தால் வந்த லொறிக்காரன் ஒருவன் அங்கே இருந்து கதைத்துக்கொண்டிருந்தான். முள்ளி கழிந்து வரணிக்குப் போகிற வழியில் இன்னொருவனைக் கட்டியிருக்காம். காலமைதான் சுட்டதாம். சின்னப் பெடியனாம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றதை நான் காணவில்லை.

"போதும் அக்கா. வீட்டை போவம். உங்கடை பிள்ளை எங்கையோ உயிரோடை இருக்கிறான்."

"நீ போறதெண்டால் போ. நான் நடக்கிறன்."

"நடவுங்கோ! வெளிக்குள்ளை ஹெலி வந்தால் கொக்குகளோடை நிண்டு கும்பிடுங்கோ!" என்று கத்தினேன். அவர் உண்மையாகவே நடக்கத் தொடங்கிவிட்டார். பத்து யார் தூரம் போகவிட்டுக் காரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஏறினார்.

முள்ளியிலும் வெளிதான். இது இன்னும் தனிமையானது. றோட்டுக்கரையில் மாடு ஒன்று வயிறு வெடித்து நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. மிதிவெடியோ ஷெல்லோ, யாருக்குத் தெரியும்? அதைச் சுற்றி நாய்கள். கார் போனபோது அவை விலகவில்லை. வெளி முடிகிற இடத்தில் நின்ற பனைகளில் பாதிக்குத் தலை இல்லை. ஒரு வைரவர் சூலத்துக்கு யாரோ அன்று காலையும் செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். நான் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டேன். கட்டிக் கிடக்கிறவன் இந்த மனுசியின் பிள்ளையாக இல்லாமல் இருக்கட்டும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் இன்னொருத்தியின் பிள்ளையாக இருக்கட்டும் என்று கேட்டதாகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வரணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சந்தி. ஒரு பக்கம் தென்னங்காணி, ஒரு பக்கம் பூட்டிக் கிடந்த கடை. சனம் ஒதுங்கி வேலியோடு நின்றது. கம்பத்தில் ஒரு பெடியன். கறுத்த காற்சட்டை, வெறும் மேல். நெஞ்சில் நாலைந்து வெடி. கண் திறந்திருந்தது. நைலோன் கயிறு கைகளில் பதிந்து தோல் நீலமாகிப் போயிருந்தது. இவன் அக்காவின் மகன் இல்லை. அதைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன். பெருமூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு அப்படியே நின்றது. கம்பத்துக்குப் பக்கத்தில் துவக்கோடு மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருத்தன் அக்காவின் மகன்தான். சனத்தைப் பார்த்துக் "கிட்ட வராதேங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றான். ஒழுங்கையில் என் காரைக் கண்டால் "அண்ணை, ஒரு ரவுண்ட்" என்று கேட்கிற அதே குரல். போன கிழமையெல்லாம் அவனைப் பிணமாகவே நினைத்திருந்த எனக்கு, அவன் உயிரோடு நிற்கிறதைக் கண்டதும் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்கமாட்டேன்.

"அக்கா, அங்கை பாருங்கோ! உங்கடை பிள்ளை!"

அவர் ஏற்கனவே பார்த்துவிட்டார். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. பிறகு கதவைத் திறந்து இறங்கி நடந்தார். ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிப்பார், அல்லது கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுப்பார் என்று நினைத்தேன். தாயைக் கண்டதும் அவனுடைய முகம் வெளிறியது. அவர் கிட்ட வர, பழக்கத்தில் அவனுடைய வாய் சொல்லியது: "கிட்ட வராதேங்கோ."

அவர் அவனைக் கடந்து போனார். போய்க் கம்பத்தின் அடியில் குந்தி, அந்தச் செத்தவனின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்தார். "என்ரை ராசா" என்று ஒரு சத்தம் வந்தது. சந்தி முழுக்கத் திடுக்கிட்டது. "என்ரை ஐயா, ஒரு வாய் தண்ணி கேட்டியோ? ஆரும் தந்தவையோ? உன்னை மாடு கட்டுற மாதிரிக் கட்டினவையோ என்ரை ராசா?" தலையிலும் நெஞ்சிலும் அடித்து அடித்து அழுதார். அந்த வருடங்களில் ஒரு லைற் போஸ்ற்றின் கீழே ஒரு பெண் வாய்விட்டு அழுததை நான் கேட்டது அந்த ஒருதரம்தான். வேலியோடு நின்ற சனம் இன்னும் பின்னுக்குப் போனது. ஒரு கிழவி மட்டும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொறுப்பாக நின்ற பெடியன் வந்தான். மீசை சரியாக முளைக்காத வயது.

"அம்மா, ஆர் நீங்கள்?"

"தாய்."

"இவன்ரை தாயோ?"

"ஓம்."

நான் அக்காவின் மகனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். அவன் வாய் திறந்தால் தாய் பொய்க்காரி. திறக்காவிட்டால் அவன் அவருடைய பிள்ளை இல்லை. அவன் திறக்கவில்லை.

"இவன் என்ன செய்தவன் எண்டு மட்டையிலை கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ" என்றான் பொறுப்பாளன். "பிள்ளையைப் பெத்தால் ஒழுங்காய் வளர்க்கோணும் அம்மா."

அக்கா முகத்தைத் துடைத்தார். "ஓம் தம்பி. என்ரை வளர்ப்பிலைதான் பிழை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது பொறுப்பாளனை இல்லை.

பின்னேரம்வரைக்கும் உடலைத் தரமுடியாது என்று முதலில் சொன்னான். அக்கா காலை விடவில்லை, அழுகையையும் விடவில்லை. அது அவனுக்குப் பெரிய கரைச்சலாகிவிட்டது. சனத்துக்கு முன்னால் இப்படி அழுகிற ஒருத்தியை என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில், "கெதியாய் எடுத்துக்கொண்டு போங்கோ. பந்தல் கிந்தல், பறைமேளம் ஒண்டும் கூடாது" என்றான். திரும்பி, "டேய், அவிட்டு விடு" என்று அக்காவின் மகனைக் கூப்பிட்டான். கூப்பிட்ட பெயர் எனக்குப் புதிது. இயக்கத்தில் வைத்த பெயர்.

அவனுக்கு முடிச்சு அவிழ்க்க வரவில்லை. நான் காரிலிருந்து கத்தியைக் கொண்டுபோய் அறுத்தேன். பிணம் சரிந்து அவனுடைய நெஞ்சில் விழுந்தது. அக்கா எழும்பித் தலையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்கள் கால் பக்கம் பிடியுங்கோ" என்றார் மகனிடம். யாரோ ஊர்பேர் தெரியாதவனிடம் கேட்கிற மாதிரி, மரியாதையாக.

பின்சீற்றில் கிடத்தினோம். அக்கா ஏறித் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். சேட்டெல்லாம் மற்றவனின் இரத்தம்.

"அம்மா" என்றான், எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்க.

"கையை எடுங்கோ தம்பி. கதவு சாத்தோணும்."

அவன் எடுத்தான். நான்தான் அறைந்து சாத்தினேன்.

கொடிகாமம் வரும்வரைக்கும் பொறுத்தேன். பிறகு முடியவில்லை. "பெத்த பிள்ளை உயிரோடை நிக்கிறான். இவ்வளவு தூரம் தேடி வந்து, ஒரு வார்த்தை கதைச்சியளோ? நீங்கள் என்ன கல்லோ?"

"நான் தேடி வந்தவன் அங்கை இல்லைத் தம்பி."

"இப்ப இந்தப் பிணத்தை என்ன செய்யிறது?"

"இவனையும் ஒருத்தி தேடிக்கொண்டு திரிவாள். அவளிட்டைக் குடுப்பம்."

அதனால் திரும்பி வந்த வழி முழுக்க நாங்கள் ஒரு தாயைத் தேடினோம். கொடிகாமம் சந்தைக்கு முன்னால் நிறுத்தினோம். மீசாலையில் மாம்பழம் விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கண்ணாடியை இறக்கி, ஆளைத் தெரியுமோ என்று கேட்போம். எட்டிப் பார்ப்பார்கள். கயிற்றுத் தழும்பைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாவகச்சேரியில் வயதான ஒருவர் நெடுநேரம் பார்த்தார். உதடு துடித்தது. "தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு விறுவிறென்று போனார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. இறங்கிப் போய்ச் சட்டையில் பிடிக்கப் போனேன்.

"விடு" என்றார் அக்கா. "அந்தாளுக்கு வேறை பிள்ளையள் இருக்கும்."

நாவற்குழியில் ராணுவ முகாம் என்பதால் கைதடியால் திரும்பிக் கோப்பாய் வெளிக்கு இறங்கினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடல் நீரேரியில் வீச்சுவலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். காருக்குள் மணக்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா இலையான் கலைத்துக்கொண்டு வந்தார். கம்பங்களைப் பார்க்கவில்லை.

பொழுது படுவதற்கு முன் எங்கள் ஊர்ச் சுடலைக்கே நேராகக் கொண்டுபோனோம். பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. அவர் வந்தார். கொள்ளி வைக்க ஆள் இல்லை. நான் வைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு.

ஊர் என்ன நினைக்கும்? தேடிப் போனது மகனை, கொண்டுவந்து எரித்தது ஒரு கம்பத்துப் பிணத்தை. மகனைத்தான் சுட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். காட்டிக்கொடுத்தவனின் தாய் என்று அக்காவின் படலைக்கு ஒரு குஞ்சு குருமன் போகவில்லை. கிணற்றடியில் அவரைக் கண்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சந்தியில் அவரைப்பற்றிக் கதைத்தவர்களோடு எல்லாம் அடிபடப் போனேன். ஆனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. தங்களை ஏமாற்றிப் பிணத்தை எடுத்தார்கள், அதற்கு அக்காவின் மகனும் வாய்மூடி உடந்தை என்று அந்தப் பொறுப்பாளனுக்குத் தெரிந்தால், அடுத்த கம்பம் அவனுக்குத்தான். மகனைக் கைவிட்டாரா, காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். அவரும் நானும் மட்டும். கொள்ளி வைத்தவன் நானென்றபடியால் கிரியையும் நான்தான் செய்ய வேண்டும். கடற்கரையில் குருக்கள் என்னை இருத்தி விரலில் தர்ப்பை போட்டார். பக்கத்தில் வேறு குடும்பங்களும் தங்கள் தங்கள் செத்தவர்களுக்காக இருந்தன. பிண்டத்துக்குக் காகங்கள் அடிபட்டன.

"செத்தவரின்ரை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். யாரென்று தெரியாது என்று சொல்லுவார், குருக்களும் ஏதாவது வழி சொல்லுவார் என்று நினைத்தேன். அக்கா தன் மகனுடைய பெயரைச் சொன்னார். பிறந்த நட்சத்திரத்தையும் சொன்னார். நாக்குத் தடக்கவில்லை.

"அக்கா, விசரோ? உயிரோடை இருக்கிறவன்ரை பேரை..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"சொல்லு தம்பி."

குருக்கள் எனக்காகக் காத்திருந்தார். நான் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயருக்குரியவன் இன்னும் எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறான்.

பிண்டத்தைக் கரைத்துக் கடலில் முழுகிவிட்டுக் கரைக்கு ஏறினேன். அக்கா மணலில் இருந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. வாய்க்குள் சீலைத் தலைப்பை அடைத்திருந்தார். அது வரணி வீதியில் கட்டிக் கிடந்தவனுக்கான அழுகை இல்லை.